பண்டலுக்கும் பண்டலுக்கும் நடுவே

வலி என்று வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது, "எந்த மிஷின்ல உக்கார்றீங்க?" என்றுதான். திருப்பூரில் பிசியோதெரபி பார்க்கிற யாருக்கும் அந்தப் பதில் பாதி நோயைச் சொல்லிவிடும். ஓவர்லாக் என்றால் பிடரியும் வலது தோள்பட்டையும். சிங்கர் என்றால் குறுக்கு. அயர்ன் மேசை என்றால் மணிக்கட்டு, கூடவே சாயங்காலம் கால் வீக்கம். செக்கிங் என்றால் கெண்டைக்காலில் நரம்பு சுருட்டியிருக்கும். கட்டிங் மாஸ்டர் என்றால் மேசை மேல் குனிந்து குனிந்து நெஞ்சுத்தசை இறுகி, நிமிர்வதே வேலையாகிப் போயிருக்கும்.

வருகிறவர்கள் கேட்பது கரண்டு. மின்தூண்டல் சிகிச்சைக்கு ஊரில் அதுதான் பெயர். "நாலு நாளு கரண்டு வெச்சா செரியாப் போயிருமுங்களா?" என்பார்கள். கரண்டு வைத்தால், சூடு கொடுத்தால், வலி அடங்கும். அடங்கிய தோளோடு அவர் மறுநாள் போய் உட்காருவது அதே ஸ்டூலில், அதே பெடல் மேல், அதே வலது காலை வைத்து. என் அறையில் அரை மணி நேரத்தில் தளர்கிற தசை, பனியன் கம்பெனியில் பத்து மணி நேரத்தில் மறுபடி இறுகிவிடும். அப்படியானால் நான் போக வேண்டிய இடம் கம்பெனி. ஒரு முதலாளி உள்ளே வந்து பார்க்க அனுமதித்தார். அவர் சொல்லி இன்னொருவர் கூப்பிட்டார். லைனுக்குப் பக்கத்தில் ஷிஃப்ட் முழுக்க நின்று, மனிதர்கள் எப்படி அசைகிறார்கள், எப்போது அசையாமல் இருக்கிறார்கள் என்று பார்ப்பதே என் தொழிலின் பெரும்பகுதி ஆனது.

ஒரு டெய்லரின் நாளைக் கூட்டிப் பாருங்கள். காலை எட்டரைக்கு மிஷினில் இருக்க வேண்டும். ஏற்றுமதி ஆர்டர் நெருங்கினால் ஒன்றரை ஷிஃப்ட், ராத்திரி எட்டரை வரை. அதற்கு முன்னால் சமையல், தண்ணீர் பிடிப்பது, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது. பின்னால் கம்பெனி வண்டியில் ஊர் போய்ச் சேர்ந்து, இன்னொரு அடுப்பு. சர்க்கரை கூடியிருக்கிறது என்று ஆஸ்பத்திரியில், "தினமும் அரை மணி நேரம் நடங்கம்மா" என்று எழுதிக் கொடுத்திருப்பார்கள். சீட்டை என்னிடம் நீட்டி ஓர் அம்மா கேட்டார்: "ஏனுங்க டாக்டரம்மா, நடக்கச் சொல்றாங்க. எப்பங்க நடக்கறது?" அவருடைய நாளில் தனியாக ஓர் அரை மணி நேரம் கிடையாது. ஆனால் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று சிதறிக் கிடக்கும் நேரம் எல்லா நாளிலும் இருந்தது. அந்த நிமிடங்களை வைத்து அவருக்கு என்ன செய்து கொடுக்கலாம் என்பதே என் கேள்வியானது.

சிதறல் நிமிடத்தில் செய்வது உடம்பில் ஒட்டுமா என்று முதலாளிகளும் கேட்பார்கள், டெய்லர்களும் கேட்பார்கள். அவர்களுக்கு நான் முதலில் சொல்வது லண்டன் பஸ் கதை. ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர், லண்டனின் மாடி பஸ்களில் வேலை பார்த்தவர்களை ஆராய்ந்து 1953இல் 'லான்செட்' இதழில் எழுதினார். ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். நடத்துநர் டிக்கெட் கொடுக்க நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்குவார். மாரடைப்பு ஓட்டுநர்களுக்கே அதிகம் வந்தது. நடத்துநர்களுக்குக் குறைவு, வந்தாலும் தாமதமாக வந்தது. நடத்துநர் யாரும் உடற்பயிற்சி செய்யப் போகவில்லை. அவருடைய பயிற்சி வேலைக்குள்ளேயே, சில படிகள் சில படிகளாக, நாள் முழுக்கச் சிதறி இருந்தது. இந்தக் கதையைச் சொன்னதும் டெய்லர்கள் தங்கள் ஸ்டூலை ஒரு முறை குனிந்து பார்ப்பார்கள்.

மருத்துவ உலகம் இதை முழுதாக ஒப்புக்கொள்ள நாளானது. ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று உலக சுகாதார நிறுவனம் 2010இல் சொல்லியிருந்தது. 2020இல் அந்த வரம்பை எடுத்துவிட்டது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு என்பது அது இப்போது சொல்லும் அளவு. அதை எத்தனை துண்டாகவும் சேர்க்கலாம். 2022இல் சிட்னி பல்கலைக்கழகத்தின் இம்மானுவேல் ஸ்டமாடாகிஸ் குழு 'நேச்சர் மெடிசின்' இதழில் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிக முக்கியம். பிரிட்டனில் ஓய்வு நேரத்தில் எந்தப் பயிற்சியும் செய்வதில்லை என்று சொன்ன 25,241 பேரின் மணிக்கட்டில் அசைவை அளக்கும் கருவி கட்டி, சுமார் ஏழு ஆண்டுகள் தொடர்ந்தார்கள். அவர்களில் தினமும் மூன்று முறை, ஓரிரு நிமிடம் மட்டும், மூச்சு வாங்கும் அளவு எதையாவது வேகமாகச் செய்தவர்களுக்கு, அப்படி எதுவுமே செய்யாதவர்களைவிட இறப்பு அபாயம் 38 முதல் 40 சதவீதம் குறைவாக இருந்தது. பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதும், பையைச் சுமந்து மேடேறுவதும்தான் அவர்கள் செய்தது. இது கண்காணித்து எழுதிய ஆய்வு. அந்த வேகம் ஒன்றே காரணம் என்று அறுதியிட முடியாது. ஆனாலும் எங்கள் மக்களின் வாழ்க்கைக்கு இவ்வளவு பக்கத்தில் வந்த ஆய்வை நான் அதற்கு முன் படித்ததில்லை.

சர்க்கரைக்காரர்களுக்குச் சொல்ல இன்னொன்று உண்டு. மெல்போர்னில் டேவிட் டன்ஸ்டன் குழு 2012இல் வெளியிட்டது. உட்கார்ந்தே இருந்த நாளையும், இருபது நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து இரண்டு நிமிடம் நடந்த நாளையும் ஒப்பிட்டார்கள். நடந்த நாளில் உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரை ஏறக்குறைய கால்பங்கு குறைந்தது. காரணம் எளிது. தசை சுருங்கும்போது இன்சுலினின் தயவு இல்லாமலேயே ரத்தத்திலிருந்து சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். தொடைத்தசை பெரிய தசை. அது வேலை செய்தால் நிறைய இழுக்கும். ஓவர்லாக் டெய்லரின் தொடை பத்து மணி நேரமும் சும்மா கிடக்கிறது.

இனி என் தொழிலின் உள்விவரம். லைனில் நின்று நான் தேடுவது இடைவெளிகளை. கம்பெனி நிற்காமல் ஓடுவதுபோல் தெரியும். ஆனால் ஒவ்வொரு வேலைக்கும் உள்ளே சின்னச் சின்ன நிறுத்தங்கள் உண்டு. சிங்கர் டெய்லருக்கு பாபின் தீரும். ஓவர்லாக்கில் நூல்கண்டு மாற்ற வேண்டும். ஊசி உடையும், மெக்கானிக் வரும் வரை காத்திருக்க வேண்டும். எல்லோருக்கும் பொதுவானது பண்டல். வெட்டிய பீஸ்களைக் கட்டாகக் கட்டித் தருவார்கள். அதைத் தைத்து முடித்துத் தள்ளிவிட்டு அடுத்த கட்டை அவிழ்க்கும் அந்த இடம்தான் நான் கண்டெடுத்த இடங்களிலேயே நல்ல இடம். மணி பார்த்துச் செய் என்றால் யாரும் செய்வதில்லை, வேலை மும்முரத்தில் மணி மறந்துபோகும். "பண்டல் முடிஞ்சா எந்திரிங்க" என்றால் மறக்க வழியில்லை. முடிந்த பண்டலே ஞாபகப்படுத்திவிடும்.

அடுத்தது, அந்த இடத்தில் என்ன செய்வது. இதில் எனக்கு ஒரே விதிதான்: வேலை எதைச் செய்ய விடவில்லையோ, அதைச் செய்.

உட்காருகிறவருக்கு எழுந்திருப்பதே பயிற்சி. கையை ஊன்றாமல் ஸ்டூலிலிருந்து எழுந்து, முழுதாக நிமிர்ந்து, மெதுவாக உட்கார வேண்டும். பத்து முறை. அரை நிமிடம் ஆகும். ஐந்தாவது முறையிலேயே தொடை சுடும், எட்டாவதில் மூச்சு வாங்கும். கூடவே இரண்டு தோள்பட்டை எலும்புகளையும் பின்னால் ஒன்றுசேர்த்து ஐந்து எண்ணும் வரை பிடிப்பது, முகவாயை உள்ளே இழுத்துக் கழுத்தை நேராக்குவது. ஊசியை நோக்கியே நீண்டிருந்த கழுத்துக்கு அதுவே மருந்து.

நிற்கிறவர்களுக்கு இதே பாடத்தைச் சொன்னால் பயன் குறைவு. செக்கிங்கிலும் அயர்னிலும் இருப்பவர்களுக்கு நோய், அசையாமல் நிற்பதில் வருகிறது. காலில் இறங்கிய ரத்தத்தைப் புவியீர்ப்புக்கு எதிராக மேலே அனுப்ப வேண்டியது கெண்டைக்கால் தசை. கிணற்று மோட்டார்போல அது சுருங்கிச் சுருங்கித் தள்ள வேண்டும். அசையாமல் நின்றால் மோட்டார் நின்றுவிடும், ரத்தம் தேங்கும், நாளங்களின் வால்வு தளரும், நரம்பு சுருட்டிக்கொள்ளும். அவர்களுக்கு நான் கொடுப்பது, நின்ற இடத்திலேயே குதிங்காலைத் தூக்கி இறக்குவது. ஒரு அட்டைப்பெட்டி பீஸ் பார்த்து முடித்ததும் இருபது முறை. மேசைக்கு அடியில் ஒரு சிறு பலகை போட்டு, ஒரு காலை மாற்றி ஒரு காலை அதன் மேல் வைப்பது. சாப்பாட்டு நேரத்தில் வாய்ப்புள்ளவர்கள் படுத்து, இரண்டு காலையும் சுவரில் சாய்த்து ஐந்து நிமிடம் வைத்திருப்பது. கட்டிங் மாஸ்டருக்கு, லேயர் விரித்து முடித்ததும் இடுப்பில் கை வைத்துப் பின்பக்கமாக வளைவது. கதவு நிலையில் முன்கைகளை ஊன்றி நெஞ்சை முன்னே கொண்டுபோவது.

மூச்சு வாங்கும் பயிற்சி எல்லோருக்கும் தேவை, அதற்குப் படிக்கட்டு இருக்கிறது. திருப்பூர் கம்பெனிகள் பலவும் மாடி மேல் மாடியாக எழும்பியவை. கனடாவில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் கிபாலா, உழைப்புப் பழக்கம் இல்லாத இளைஞர்களை அறுபது படிகள் வேகமாக ஏறச் சொன்னார். நாளுக்கு மூன்று முறை, இடையில் சில மணி நேர இடைவெளி, வாரத்துக்கு மூன்று நாள், ஆறு வாரம். 2019இல் வெளியான அந்த ஆய்வில் அவர்களின் இதய, நுரையீரல் திறன் கூடியது. கூடியது கொஞ்சம்தான், ஆனால் கூடியது நிச்சயம். எங்கள் ஆட்கள் டீக்கும் சாப்பாட்டுக்கும் எப்படியும் படி இறங்கி ஏறுகிறார்கள். திரும்பி ஏறும்போது மட்டும் பேசமுடியாத வேகத்தில் ஏறுங்கள் என்பேன். தனியாக ஒரு நொடியும் செலவில்லை.

கம்பெனிக்குள் பயிற்சி சொல்லித் தருவதில் புத்தகம் சொல்லாத விஷயங்கள் நிறைய. ஆண்கள் நிறைந்த ஹாலில் கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொன்னால் பெண்கள் செய்யமாட்டார்கள். குனிந்து நிமிர்வதும் அப்படியே. சேலையிலும் சுடிதாரிலும் கூச்சமில்லாமல் செய்ய முடிவதையே தேர்ந்தெடுக்க வேண்டும். எழுந்து உட்காருவதும், குதிங்கால் தூக்குவதும், தோளைப் பின்னிழுப்பதும் அதனால்தான் என் பட்டியலில் முதலில் நிற்கின்றன. யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். முழங்கால் நன்றாக இருக்கும் இளைஞர்களுக்குத் தோப்புக்கரணம் அருமையான பயிற்சி. பள்ளிக்கூடத் தண்டனையாக மனதில் பதிந்திருப்பதால் பலரும் முகம் சுளிப்பார்கள். காதைப் பிடிக்காமல், கையை நெஞ்சுக்கு முன்னால் நீட்டிச் செய்யச் சொன்னால் சுளிப்பு போய்விடும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பிள்ளைகள் உள்ள லைனில் பேச்சைக் குறைத்துச் செய்து காட்டுவேன். எண்ணிக்கையை அவர்களில் ஒருவர் இந்தியில் சொல்வார், நாலு நாளில் எங்கள் அக்காக்களும் "ஏக், தோ" என்று எண்ணுவார்கள். சொல்லித் தருகிறவர் அதே லைனைச் சேர்ந்தவராக இருந்தால் பயிற்சி நிலைக்கும். வெளியிலிருந்து வருகிற நான் எவ்வளவு அன்பாகச் சொன்னாலும், வந்து போகிறவள்தான்.

பெரிய கேள்வி பணத்தைப் பற்றியது. பீஸ் ரேட்டில் தைப்பவர் என்னிடம் நேராகவே கேட்டார்: "ரெண்டு நிமிஷத்துல எத்தன பீஸ் போகுமுன்னு தெரியுமுங்களா? அத யாரு குடுப்பாங்க?" நியாயமான கேள்வி. பீஸ் ரேட்டுக்காரரிடம் இரண்டு நிமிடம் கேட்க எனக்கு உரிமை இல்லை. எப்படியும் நிற்கும் அந்த அரை நிமிடத்தில் செய்யக்கூடியதை மட்டுமே அவரிடம் கேட்பேன். லைன் முறையில் ஓடும் கம்பெனியில் கணக்கு வேறு. ஒருவர் மட்டும் எழுந்தால் அவர் முன்னால் பீஸ் குவியும், சூப்பர்வைசர் குரல் வரும், அடுத்த நாள் எழமாட்டார். அங்கே முழு லைனும் ஒன்றாக நிற்க வேண்டும், அந்த நேரம் கம்பெனி நேரமாக இருக்க வேண்டும். அதை முதலாளியிடம்தான் பேச வேண்டும்.

அவர்களிடம் நான் ஜப்பானைக் காட்டுவேன். 1928இல் அங்கே வானொலியில் தொடங்கிய மூன்று நிமிட உடற்பயிற்சி, இசைக்கு ஏற்ப, இன்றும் அங்கே பல தொழிற்சாலைகளிலும் கட்டுமானத் தளங்களிலும் வேலை தொடங்கும் முன் நடக்கிறது. உற்பத்திக்குப் பேர்போன நாடு அந்த மூன்று நிமிடத்தைச் செலவாகப் பார்க்கவில்லை. நம் சட்டமும் அசைவைப் பற்றி யோசித்திருக்கிறது. நின்று வேலை செய்கிறவர்களுக்கு வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார ஆசனம் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் எழுதி வைத்தது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் இடைவேளை இல்லாமல் வேலை வாங்கக் கூடாது என்றும் சொன்னது. கோழிக்கோட்டுத் துணிக்கடைப் பெண்கள் உட்காரும் உரிமைக்காகப் போராடினார்கள்; கேரளம் 2018இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் அதே உரிமையைச் சேர்த்தது. நிற்கிறவருக்கு உட்காரும் உரிமை என்றால், உட்கார்ந்தே இருப்பவருக்கு எழும் உரிமையும் அதன் மறுபாதி என்றே நான் நினைக்கிறேன்.

சில முதலாளிகள் ஒப்புக்கொண்டார்கள். காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை பெல் அடிக்கும், லைன் இரண்டு நிமிடம் நிற்கும். சிலர் ஆடிட் வருகிற வாரத்தில் மட்டும் பெல் அடித்தார்கள். பெல் தொடர்ந்து அடித்த இடங்களில் முதலில் மாறியது சாயங்காலம். குறுக்கைப் பிடித்துக்கொண்டு எழுகிறவர்கள் குறைந்தார்கள். மாத்திரை வாங்க ஆபீஸ் அறைக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள் என்று ஒரு சூப்பர்வைசரே என்னிடம் வந்து சொன்னார்.

எச்சரிக்கைகளையும் சொல்லாமல் இருக்க முடியாது. படியேறும்போது நெஞ்சில் இறுக்கம், இடது கைக்குப் பரவும் வலி, தலைசுற்றல் வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவரும் இதய நோய் உள்ளவரும் வேகப் பயிற்சிக்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். எழுந்து உட்காரும்போது மூச்சை அடக்கக் கூடாது, எழும்போது விட வேண்டும். சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர் வெறும் வயிற்றில் வேகமாக எதையும் செய்யக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு வேகம் வேண்டாம், குதிங்கால் தூக்குவதும் மெதுவாக நடப்பதும் போதும். கெண்டைக்கால் ஒன்றில் மட்டும் திடீரென வீக்கமும் வலியும் சூடும் வந்தால் தேய்த்துவிடக் கூடாது. ரத்தம் உறைந்திருக்கலாம், உடனே ஆஸ்பத்திரி.

தண்ணீரைப் பற்றியும் பேச வேண்டும். பெண்கள் பலர் ஷிஃப்டில் தண்ணீர் குடிப்பதைத் தவிர்க்கிறார்கள். குடித்தால் பாத்ரூம் போக வேண்டும். போகக் கேட்க வேண்டும். கேட்டால் முகம் பார்க்க வேண்டும். கோடையில், அயர்ன் பாய்லர் பக்கத்தில், இது உடம்பைக் கெடுக்கும் பழக்கம். நான் பார்த்தவரை, ஒரு நாளைக்கு நாலு முறை தண்ணீர்க் கேனுக்கும் பாத்ரூமுக்கும் தடையில்லாமல் நடந்து போகிறவருக்கு என் பயிற்சியில் பாதி அங்கேயே நடந்துவிடுகிறது.

சின்னப் பயிற்சிக்கு ஓர் எல்லை உண்டு, அதையும் முதலாளிகளிடம் சொல்லிவிடுவேன். உயரம் பொருந்தாத ஸ்டூலுக்கு அது பரிகாரம் ஆகாது. காற்றோட்டமில்லாத ஹாலுக்கும், வாரக்கணக்கில் தொடரும் ஒன்றரை ஷிஃப்டுக்கும் ஆகாது. இரண்டு நிமிட பெல்லைக் காட்டி மற்றதையெல்லாம் தட்டிக்கழிக்க நினைப்பவரிடம் நான் பெல்லைப் பற்றிப் பேசுவதில்லை, முதலில் ஸ்டூலைப் பற்றிப் பேசுவேன்.

இதைப் படிக்கிற நீங்கள் பனியன் கம்பெனியில் இல்லாமல் இருக்கலாம். வங்கிக் கவுன்டரிலோ, ஐடி அலுவலகத்திலோ, மளிகைக்கடைக் கல்லாவிலோ, ஆட்டோவிலோ இருக்கலாம். உங்கள் வேலையிலும் ஒரு பண்டல் முடிகிற இடம் இருக்கும். ஒரு டோக்கன் முடிவது, ஒரு மீட்டிங் முடிவது, ஒரு சவாரி இறக்கிவிடுவது. அதைக் கண்டுபிடியுங்கள். பிறகு உங்கள் வேலை எந்த அசைவை மறுக்கிறது என்று பாருங்கள். அந்த அசைவை அந்த இடத்தில் அரை நிமிடம் கொடுங்கள். ஒரு முறையாவது மூச்சு வாங்கட்டும். உங்களுக்குக் கீழே ஆட்கள் வேலை பார்த்தால், அந்த நிமிடத்தை அவர்களின் சாப்பாட்டு நேரத்திலிருந்து எடுக்காமல் வேலை நேரத்திலிருந்து கொடுங்கள். வேலை வாங்கிய அசதியை வேலை நேரத்திலேயே தீர்க்க வேண்டும் என்பதைத்தான் இத்தனை காலமும் ஒவ்வொரு கம்பெனி வாசலிலும் கேட்டு வருகிறேன், இனியும் கேட்பேன்.